ஸ்டெல்லா பிறந்த வீடு

கூப்பிட்டால் எழுந்து போனால் போதும், அதற்குள் எதற்காக இப்படி விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே சிரிப்பாக வருகிறது. பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட நான் இவ்வளவு ஒழுங்காக உட்காரவில்லை, அம்மா ஓரத்தில் நின்று கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தாள். ஜெயிலில் இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மேசை, மேசைமேல் டிவி போல ஒரு பெட்டி, பெட்டிக்குள் உயர்நீதிமன்றம். போன மாதமே பார்த்துவிட்டேன். நீதிபதி கட்டைவிரல் உயரத்துக்குத் தெரிந்தார், அரசாங்க வக்கீல் அதைவிடச் சின்னதாக. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைதான் எனக்குப் புரிந்தது, அவகாசம். கேட்டார், கொடுத்தார்கள், எனக்கு ஒரு மாதம் போயிற்று. இன்றைக்கு அவகாசம் கிடையாது, இன்றைக்கு நீதிபதி முடித்துவிடுவார் என்று வக்கீல் ரெஹானா மேடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். இலவசச் சட்ட உதவியில் கிடைத்த வக்கீல், காசு வாங்காதவர் என்றாலும் என் வழக்கைக் காசு கொடுத்த வழக்கு மாதிரிதான் பார்க்கிறார். பெஞ்சு முழுக்கப் பினாயில் வாசனை. எவளோ இப்போதுதான் துடைத்துவிட்டுப் போயிருக்கிறாள், அதுவும் அவசரத்தில், பெஞ்சுக் காலைச் சுற்றி அழுக்கு அப்படியே நிற்கிறது. நான் துடைத்திருந்தால் இப்படி விட்டிருக்க மாட்டேன். எதற்கு இப்போது பெஞ்சுக் கால். ஸ்டெல்லா என் மடியில் தலையை வைத்துப் படுத்து, என் வெறும் மணிக்கட்டில் விரலால் வளையல் வரைகிறாள். ஒன்று போட்டு, அழித்து, மறுபடி ஒன்று. இவளை இங்கே கூட்டி வந்திருக்கவே கூடாது. பால்வாடி டீச்சர் இன்றைக்குத்தானா லீவு போட வேண்டும். பக்கத்துக் கொட்டடி நர்மதாவிடம் விட்டுவிட்டு வருகிறேன் என்றால் சேலையை விடவில்லை. இந்தக் கையைப் பிரித்தால் அந்தக் கை பிடிக்கிறது. சரி வா, ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்று கூட்டி வந்தேன். நான் வாயைத் திறக்கப் போகிறேனே, அதை என்ன செய்வது.

தண்டனையை எதிர்த்து நான் வழக்குப் போடவில்லை. அதை ரெஹானா மேடத்திடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தபோது அவனுடைய அண்ணன் எதற்காக என் வீட்டுக் கதவைத் தள்ளினான் என்பது ஊருக்கே தெரியும், அம்மிக் குழவியைத் தூக்கிப் போட்டது நான் என்பதும் தெரியும், நானும் இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஏழு வருஷம் என்றார்கள். சரி என்றேன். நான் கேட்பதெல்லாம், பிடித்துக்கொண்டு போன அன்றிலிருந்து ஒரு பொழுதுகூட நான் வெளியே போகவில்லையே, அதையெல்லாம் சேர்த்து அந்த ஏழில் கழியுங்கள் என்பதுதான். விசாரணை நடக்கும்போது உள்ளே இருந்த காலத்தைத் தண்டனையில் கழிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறதாம். கழித்தும் இருக்கிறார்கள், ஆனால் ஜாமீன் கிடைத்த தேதி வரைக்கும்தான். ஜாமீன் கிடைத்தது உண்மை. வயிற்றுப்பிள்ளைக்காரி என்று மறு மாதமே கொடுத்துவிட்டார்கள். வீட்டு வரி ரசீதோடு இரண்டு பேர் வந்து எனக்காகக் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் நான் போகலாம். யார் வருவார்கள்? புருஷன் வருவானா, செத்தது கூடப்பிறந்தவன். எனக்கு ஒரே அண்ணன், காளிராஜ். சாத்தூரில் சொந்த வீடு, ரசீதும் உண்டு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டு வராண்டாவில் அவனுடைய கட்டம் போட்ட சட்டையைத் தேடினேன். கட்டம் போட்ட சட்டைகள் நிறைய இருந்தன, உள்ளே வேறு வேறு ஆட்கள். ஆக, காகிதத்தில் நான் வெளியே, கொட்டடியில் நான் உள்ளே. தீர்ப்பு எழுதியவர் காகிதத்தைப் பார்த்து எழுதிவிட்டார். போலீஸ் வேனிலிருந்து இறங்கி, இடுப்பில் பிள்ளையோடு அவர் முன்னால்தான் நின்றேன், ஒரு தரம் நிமிர்ந்து பார்த்திருக்கலாம். அந்த ஒன்றரை வருஷம் யார் கணக்கிலும் இல்லாமல் போயிற்று.

"அம்மா, பச்சை வளையலா செவப்பா?" என்கிறாள். பச்சை, என்கிறேன். "ரெண்டு கைக்குமா?" ரெண்டு கைக்கும்தான், சத்தம் போடாதே. அறைக்குள் யாரோ இங்கிலீஷில் பேசுகிறார்கள், வேறு ஒருத்தருடைய வழக்கு. அந்தக் குரல் நின்றால் அடுத்தது நானாக இருக்கலாம். ஒன்றரை வருஷம் என்று வாயால் சொன்னால் ஒன்றுமில்லை, ஒரு கொட்டாவி விடுகிற நேரத்தில் சொல்லிவிடலாம். ஆனால் வருகிற ஆவணியில் இவளுக்கு ஆறு முடிகிறது. ஆறு வரைக்கும்தான் பிள்ளை தாயோடு சிறையில் இருக்கலாம். அதற்குமேல் சொந்தக்காரர்கள் வந்து கூட்டிப்போக வேண்டும், வராவிட்டால் ஹோம். எனக்கு யார் வருவார்கள் என்பது தெரிந்த கதைதான். ஒன்றரை வருஷத்தைக் கழித்தால், நன்னடத்தைக்குக் கழிப்பதும் சேர்ந்து, ஆவணிக்கு முன்னால் நானும் இவளும் சேர்ந்து வாசலைத் தாண்டுவோம். கழிக்காவிட்டால் இவள் அங்கே, நான் இங்கே. ஹோம் நன்றாகத்தான் இருக்கும் என்கிறார்கள், கட்டில் உண்டாம், பள்ளிக்கூடத்து வேன் வாசலுக்கே வருமாம். இருக்கட்டும். இவளுக்குத் தூங்குவதற்கு என் காது வேண்டும். காது மடலை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துக்கொண்டே தூங்குவாள், நான் திரும்பிப் படுத்தால் முழித்துக்கொள்வாள். ஹோமில் யாருடைய காதைப் பிடிப்பாள். பக்கத்துக் கட்டில் பிள்ளை கையைத் தட்டிவிடும். ஒரு நாள் தட்டிவிடும், இரண்டாம் நாள் அடிக்கும், அப்புறம் இவளே மறந்துவிடுவாள். அடிப்பதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், இவள் என் காதை மறப்பதைத் தாங்க மாட்டேன். ஒன்றரை வருஷம் கழித்து நான் போய் நின்றால் யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள், டீச்சர் சொல்லிக் கொடுத்து வணக்கம் வைப்பாள். வேண்டாம். இதை நினைக்கக் கூடாது. வளையல், பச்சை வளையல், இரண்டு கைக்கும்.

நான் உள்ளேயேதான் இருந்தேன் என்று காட்ட என்ன இருக்கிறது என்றால் ஒன்றும் இல்லை. அப்போது என்னை வைத்திருந்தது ஒரு சின்னக் கிளைச் சிறை, அதை மூடியாயிற்று, அங்கிருந்த காகிதங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். "நீங்க உள்ள இருந்ததுக்கும் காகிதம் இல்ல மாரி, வெளிய போனதுக்கும் இல்ல" என்றார் ரெஹானா மேடம். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பால்வாடியில் சேர்க்க நான் கொடுத்த ஸ்டெல்லாவின் பிறப்புச் சான்றிதழ் அரசாங்க வக்கீலிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் பிள்ளை வீட்டில் பிறந்ததாக இருக்கிறது, வீடு சாத்தூரில் காளிராஜ் வீடு. பிள்ளை அங்கே பிறந்திருக்கிறது என்றால் தாய் எங்கே இருந்தாள் என்று கேட்கிறார். நியாயம்தானே. நான் நீதிபதியாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன். அது மிக்கேலம்மா செய்த வேலை. கிளைச் சிறையில் வார்டர். காலையில் பல் விளக்கும்போது வலி எடுத்தது, ஆஸ்பத்திரிக்கு வேன் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காக்கி உடுப்போடு மண்டி போட்டு, பிள்ளையைக் கையில் வாங்கியது அந்த அம்மாதான். துடைத்தது அவருடைய துண்டில். வீட்டுக்குப் போய் ரசம் வைத்து எடுத்து வந்தது அவர். ஸ்டெல்லாமாரி என்று பெயர் வைத்ததும் அவர்தான், முன்பாதி அவருடைய மாதாவுக்கு, பின்பாதி எனக்கு. பிறப்பைப் பதியும் நேரம் வந்ததும் கிட்டே வந்து உட்கார்ந்தார். "ஜெயில் பேரு பிள்ள மேல ஒட்டக் கூடாது மாரி. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல ஒரு மாதிரி பாப்பாக. நாங்க எப்பவுமே ஜெயில்னு போட விடுறதில்ல. வீட்டுல பொறந்ததாவே எழுதிருவோம், ஒன் அண்ணன் வீட்டு விலாசத்தச் சொல்லு." சொன்னேன். கதவு எண்ணோடு, தெருவோடு, சந்தோஷமாகச் சொன்னேன். அந்த அம்மா போன வருஷம் தவறிப்போய்விட்டார், இருந்திருந்தால் பஸ் ஏறி வந்து நீதிபதியிடமே சண்டை போட்டிருப்பார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவ்வளவு அன்பாக ஒரு காரியத்தை எனக்கு அதற்கு முன்னால் யாரும் செய்ததில்லை, அதற்குப் பின்னாலும் இல்லை. அதுதான் இப்போது கழுத்தைப் பிடிக்கிறது.

ஜாமீனுக்கு வராத அண்ணன் வீட்டில் நான் பிள்ளை பெற்றிருக்கிறேன். நினைத்தால் அழுவதா சிரிப்பதா. அண்ணி பத்தியச் சோறு போட்டாளா, வெந்நீர் ஆவியில் வேது பிடித்தாளா என்று அரசாங்க வக்கீல் விசாரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும். என் தங்கச்சி இந்த வீட்டுக்கு வரவே இல்லை என்று ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்க ரெஹானா மேடம் சாத்தூருக்கே போனார். வாசலில் நிற்க வைத்துப் பேசினானாம். "எழுதிக் குடுத்தா கோர்ட்டுக்கு வரச் சொல்லுவாகம்மா. வந்தா, கூடப்பெறந்தவள ஏன் ஜாமீன்ல எடுக்கலன்னு கேப்பாக. நாலு பேரு முன்னால நான் என்னத்தச் சொல்ல?" என்றானாம். கோபம்தான் முதலில் வந்தது. பிறகு, அவனுக்கு உறுத்துகிறது என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது, நான் ஒரு பைத்தியம். உள்ளே குரல் நிற்கவில்லை, போய்க்கொண்டேதான் இருக்கிறது. தாகமாக இருக்கிறது. தண்ணீர் கேட்டால் அந்த நேரம் பார்த்துக் கூப்பிடுவார்கள்.

அந்த வீட்டைத்தான் ஸ்டெல்லாவுக்குத் தினமும் சொல்லித் தூங்க வைக்கிறேன். நான் எங்கம்மா பொறந்தேன் என்று கேட்க ஆரம்பித்தபோது, எழுதியதையே சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. மாமா வீட்டில். மாமா வீட்டில் நீலக் கதவு. கதவு உண்மையில் என்ன நிறம் என்பது எனக்கே மறந்துவிட்டது. கொல்லையில் கொய்யா மரம் வைத்தேன், மரத்தில் அணில் விட்டேன், கறுப்பு ஆட்டுக்குட்டி ஒன்று கட்டினேன். ஒரு நாள் அசதியில் மாமரம் என்று சொல்லிவிட்டேன். "நேத்து கொய்யா மரம்னியே?" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இவள் அரசாங்க வக்கீலாகப் போகலாம். அம்மா தப்பு செய்தாள், அதனால் இங்கே இருக்கிறாள், நீ அம்மாவுக்குத் துணைக்கு மாமா வீட்டிலிருந்து வந்திருக்கிறாய், அம்மாவோடு திரும்பிப் போவாய் என்று சொல்லியிருக்கிறேன். அது அவளுக்குப் பெரிய தைரியம். வந்தவள், போகப் போகிறவள். பூட்டுகிற சத்தம் கேட்டால் மற்றப் பிள்ளைகள் முகம் சுருங்கும், இவள் வெளியூர்க்காரி மாதிரி வேடிக்கை பார்ப்பாள். நர்மதாவின் பிள்ளை இங்கே பிறந்தது என்று தெரிந்து, அதை ஜெயில் பாப்பா ஜெயில் பாப்பா என்று இவள் பாட்டுப் பாடி அழ வைத்தாள். முதுகில் ஒன்று வைத்தேன். வைத்துவிட்டு அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை எங்கே பிறந்தது என்பதை மனுவில் எழுத வேண்டாம் என்று ரெஹானா மேடத்திடம் கெஞ்சியதும் அதனால்தான். தீர்ப்பெல்லாம் கம்ப்யூட்டரில் வருமாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாமாம். மிக்கேலம்மா தன் கையால் துடைத்ததை நானே எடுத்து மறுபடி பூசவா. "ஜட்ஜ் கேட்டா நீங்கதான் சொல்லணும் மாரி. இனி மறைச்சா ஒன்றரை வருஷமும் போயிரும்" என்றார் மேடம். சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன், பிள்ளையை விட்டுவிட்டு வந்து, பெட்டிக்குச் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் திரும்பிவிடலாம் என்று. எத்தனை தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஐயா, பிள்ளை ஜெயிலில் பிறந்தது. ஐயா, பிள்ளை ஜெயிலில். இதைச் சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம், ஆனால் இவள் தலை என் மடியில் இருக்கும்போது அந்த வாக்கியம் அதற்குமேல் போவதில்லை. உள்ளே குரல் நின்றுவிட்டது. எப்போது நின்றது.

"சந்தனமாரி, எந்திரி, ஒன் கேஸுதான்" என்று வார்டர் கதவைத் திறக்கிறார். பிள்ளை வெளியே இருக்கட்டும் மேடம் என்கிறேன். "இங்க யாரு பாத்துக்குவா? சும்மா கூட்டிட்டு வா, சத்தம் போடாம நிப்பா" என்கிறார். ஸ்டெல்லா ஏற்கெனவே உள்ளே போய்விட்டாள். பெட்டியில் நீதிபதி இன்றைக்குப் பெரிதாகத் தெரிகிறார், காதோரம் நரை, களைத்த முகம். பக்கத்துக் கட்டத்தில் ரெஹானா மேடம், இன்னொரு கட்டத்தில் அரசாங்க வக்கீல். இங்கிலீஷில் பேசிக்கொள்கிறார்கள், நடுவில் என் பெயர் வருகிறது, காளிராஜ் பெயர் வருகிறது, சாத்தூர் வருகிறது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றுகிறார்.

"அம்மா, நான் பேசறது கேக்குதா?"

"கேக்குதுங்கய்யா."

"உங்களுக்கு ஜாமீன் கெடச்சு நீங்க அண்ணன் வீட்டுல இருந்ததா சொல்றாங்க. குழந்தை அங்க பொறந்ததா சர்டிபிகேட் இருக்கு. குழந்தை எங்கம்மா பொறந்துச்சு?"

"மாமா வீட்டுல" என்கிறாள் ஸ்டெல்லா. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் எம்பி, தெளிவாகச் சொல்கிறாள். "சாத்தூர்ல. நீலக் கதவு. கொய்யா மரம் இருக்கு."

அரசாங்க வக்கீல் குனிந்துகொள்கிறார், சிரிப்பை மறைக்கிறாரோ என்னவோ. ரெஹானா மேடத்தின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பிள்ளை பொய் சொல்லாது என்று நீதிபதி நினைத்துவிட்டால் எல்லாம் போயிற்று. எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள், பாட்டு ஒப்பித்த மாதிரி. நான் சும்மா இருந்தால் அந்த வீடு இருக்கும், அணில் இருக்கும், ஆட்டுக்குட்டி இருக்கும், ஆவணியில் இவள் அதையெல்லாம் எடுத்துக்கொண்டு ஹோமுக்குப் போவாள். பேசினால் என்னோடு வருவாள், வெறும் கையோடு. இவள் காதைப் பொத்திக்கொண்டு சொல்லலாமா. பொத்தினால் கேட்காதா.

"அம்மா, நீங்க சொல்லுங்க" என்கிறார் நீதிபதி.

"இல்லங்கய்யா." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. "நான் சொல்லிக் குடுத்தத அது சொல்லுது. அது ஜெயில்ல பொறந்த பிள்ளைங்கய்யா. வேன் வரதுக்குள்ள பெத்துட்டேன். மிக்கேலம்மான்னு வார்டர் ஒருத்தங்க எடுத்தாங்க. ஜெயில் பேரு வரக் கூடாதுன்னு அண்ணன் வீட்டு விலாசத்தக் குடுத்தோம். அந்த வீட்ட அது பாத்தது கிடையாது. என்னைய ஜாமீன்ல எடுக்க யாருமே வரலங்கய்யா."

நீதிபதி என்னைப் பார்க்கவில்லை, கொஞ்ச நேரம் ஸ்டெல்லா நின்ற பக்கத்தையே பார்க்கிறார். பிறகு அரசாங்க வக்கீலிடம் திரும்பித் தமிழிலேயே கேட்கிறார். "ஜாமீன்தாரங்க ரெண்டு பேர் பேர் என்ன? கையெழுத்துப் போட்டவங்க?" அவர் காகிதத்தைப் புரட்டுகிறார், மறுபடி புரட்டுகிறார், அப்படி எதுவும் இல்லை என்கிறார். "ஜாமீன்தாரர் இல்லாம இவங்களை யார் வெளிய விட்டாங்க?" அரசாங்க வக்கீல் காகிதக் கட்டை மூடுகிறார். அப்புறம் எல்லாம் இங்கிலீஷில் நடந்து முடிந்தது. ரெஹானா மேடம் தலையாட்டிக்கொண்டே எழுதினார். கடைசியில் நீதிபதி எனக்காக ஒரு தரம் தமிழில் சொன்னார், நீங்க உள்ள இருந்த அந்தக் காலத்தையும் கழிக்கச் சொல்லியிருக்கேம்மா, ஆர்டர்ல குழந்தையைப் பத்தி எதுவும் எழுத மாட்டேன், போயிட்டு வாங்க. கும்பிட்டேன். கை கும்பிட்டபடியே நின்றுவிட்டது, வார்டர்தான் தோளைத் தொட்டுக் கூட்டி வந்தார். "ஆவணிக்கு முன்னால போயிருவ புள்ள" என்று அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிளாக்குக்குப் போகிற வழியெல்லாம் வெயில். எனக்கு ஓட வேண்டும் போல் இருக்கிறது, நர்மதாவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல் இருக்கிறது. ஆவணிக்கு முன்னால். இரண்டு பேரும். சாத்தூருக்கா, வேண்டாம், வேறு எங்காவது, தீப்பெட்டி ஆபீஸில் கூலி வேலை எந்த ஊரில் கிடைக்காது. ஸ்டெல்லா பின்னால் வருகிறாள். சேலையைப் பிடிக்கவில்லை. நான் நின்றால் அவளும் நிற்கிறாள், நடந்தால் நடக்கிறாள். என்னடி என்கிறேன்.

"நான் என்ன செஞ்சேன்?"

"நீ சொன்னதுல ஒண்ணும் இல்ல கண்ணு, அந்த ஐயா கோவிக்கல."

"அது இல்ல. இங்க பொறக்கறதுக்கு."

வார்டர் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். நீ ஒன்றும் செய்யவில்லை, நீ எந்தத் தப்பும் செய்யாத பிள்ளை, என்றேன். கேட்டுக்கொண்டாள். யோசித்தாள். "அப்ப என்னைய ஏம்மா பூட்டுனாங்க?" என்றாள். அழவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நீதிபதிக்கு அத்தனை பேர் முன்னால் பதில் சொன்ன வாய்தான் இது. குனிந்து அவளைத் தூக்கப் போனேன். வேண்டாம், நடந்தே வருகிறேன் என்றாள்.